ஒரு பவுண்டு தானியம், ஒரு லிட்டர் டீசல்

போன மழைக்காலத்துக்குச் சற்று முன், கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் வழியில், பக்கிங்காம் கால்வாயில் ஒரு பொக்லைன் தூர்வாரிக்கொண்டிருந்தது. பைக்கை ஓரங்கட்டிவிட்டு ஆபரேட்டரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"மணிக்குப் பன்னெண்டு பதிமூணு லிட்டர் குடிக்கும் சார். டீசல் வரலைன்னா நிறுத்திட்டு உக்காந்துருவோம்."

எதைப் பார்த்தாலும் கணக்குப் போடும் புத்தி எனக்கு. அந்தப் பதிமூணு லிட்டர் என்னை 1877க்கு இழுத்துப்போனது.

முதலில் வண்டி. பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு கம்பெனியின் பெயர். எல் அண்ட் டி அதனோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் தயாரித்த வண்டிகளால் அந்தப் பெயர் நம் ஊரில் பொதுப்பெயராகிவிட்டது. 20 டன் வண்டி அந்தச் சேற்றில் எப்படிப் புதையாமல் நிற்கிறது? அதன் இரண்டு சங்கிலிப் பட்டைகளும் சேர்ந்து ஏறக்குறைய 4 சதுர மீட்டர் தரையைத் தொடுகின்றன. வகுத்துப் பாருங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ. நடக்கும்போது ஒற்றைக் காலில் நாம் தரும் அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இதைச் சாதித்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் பெஞ்சமின் ஹோல்ட். அங்கே ஸ்டாக்டன் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் நீராவி டிராக்டர்கள் புதைந்துகொண்டே இருந்தன. சக்கரத்தை எவ்வளவு அகலமாக்கியும் சரிவரவில்லை. 1904 நவம்பரில் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பட்டைகளை மாட்டி ஓட்டிப் பார்த்தார். 1925இல் அவருடைய கம்பெனி பெஸ்ட் கம்பெனியோடு இணைந்து கேட்டர்பில்லர் ஆனது. 1931இல் அவர்களின் பட்டை டிராக்டரில் டீசல் எஞ்சின் ஏறியது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூரில் இன்று அந்தக் கம்பெனிக்கு ஆலை இருக்கிறது.

எஞ்சினின் கதை மியூனிக்கில் தொடங்குகிறது. 1878இல் இருபது வயது மாணவர் ருடால்ஃப் டீசல் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தார். நீராவி எஞ்சின் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்றார் பேராசிரியர் லிண்டே. மீதியெல்லாம் வீண். அந்த விரயம் டீசலை விடவேயில்லை. காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால் அது கொதிசூடாகும்; அதில் எரிபொருளைப் பீய்ச்சினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ஓடிய அவருடைய எஞ்சின் வெப்பத்தில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது.

அவர் அந்த வகுப்பில் இருந்த காலத்தில் இங்கே தாது வருஷப் பஞ்சம். செங்கல்பட்டு ஜில்லா உட்பட மாகாணத்தின் பெரும்பகுதி பட்டினி. பக்கிங்காம் கால்வாய் முழுக்க மனிதக் கைகள் வெட்டியது. அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மண்வெட்டி, கூடை, தலைச்சுமை. அந்தப் பஞ்சத்தைக் கையாள அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான கூலியும் மேலே கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். அதுவும் விரயத்தைக் குறைக்கும் முயற்சிதான். சிக்கனம் கஜானாவுக்கு.

450 கிராம் தானியம் சுமார் 1,600 கலோரி. நாள் முழுக்க மண் சுமக்கும் உடம்புக்கு 3,000க்கு மேல் வேண்டும். சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைச் சொல்லித்தான் சண்டை போட்டார். சில மாதங்களில் அளவு கூட்டப்பட்டது. அந்த மாதங்களில் எத்தனை பேர் கூடையோடு சரிந்தார்கள்? பஞ்சத்தில் இறந்தவர்கள் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் என்பது வழக்கமான மதிப்பீடு.

இப்போது கணக்கை முடிக்கலாம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கை வேலையாக்கினாலும் அது ஐந்தாறு பேரின் ஒரு நாள் உழைப்பு. அந்த பொக்லைன் ஒரு மணி நேரத்தில் குடிப்பது அறுபது எழுபது பேரின் நாள்.

இயந்திரம் கூலி வேலையைப் பிடுங்கியது என்று சொல்வோம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஆபரேட்டர் சாதாரணமாகச் சொன்ன அந்த வாக்கியம் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. டீசல் வராவிட்டால் வண்டி நின்றுவிடும். பாதி டீசலில் முழு வேலை வாங்க யாராலும் முடியாது. 1877இல் மனிதர்களிடம் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.