குற்றத்தின் பெயர் பாடத்தின் பெயரான கதை



என் அக்கா பேத்தி பொறியியல் மூன்றாம் ஆண்டில் 'எத்திக்கல் ஹேக்கிங்' என்ற விருப்பப் பாடத்தை எடுத்திருக்கிறாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னதும், "திருடுறதுக்கும் காலேஜ்ல பாடமா?" என்று கேட்டார் அவளுடைய சித்தப்பா. பாதிப் பேர் சிரித்தார்கள். அவள் அம்மா மட்டும் தனியாக போன் செய்து, "மாமா, இதை எடுக்க விடலாமா? நாளைக்கு போலீஸ் கேஸுன்னு வந்துடாதே?" என்றாள். நியாயமான பயம். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

'ஹேக்' என்ற சொல் பிறந்த இடம் ஒரு ரயில் பொம்மை சங்கம் என்றால் நம்புவீர்களா? 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாதிரி ரயில் சங்கம் ஒன்று இருந்தது. மேலே குட்டி ரயில் ஓடும்; கீழே கம்பியும் சுவிட்சுமாக ஒரு காடு. அந்தக் காட்டை நோண்டிப் பார்க்கும் பிள்ளைகளின் வேலைக்குத்தான் 'ஹேக்கிங்' என்று பெயர். அப்போது அதில் திருட்டும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை. இருப்புப்பாதை ஓரத்திலேயே வளர்ந்த நம் இரும்புலியூர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை புரியும்.

ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கியபோது, ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்த்துவிடுவாரோ என்ற கவலை வந்தது. பூட்டு உறுதியா என்று பார்க்க அமெரிக்க ராணுவம் தன் ஆட்களையே விட்டு உடைக்கச் சொன்னது. அந்தக் குழுக்களுக்கு 'டைகர் டீம்' என்று பெயர். (புலியை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கும் நமக்கு இது பிடிக்க வேண்டும்.) 1974இல் பால் கார்கர், ரோஜர் ஷெல் என்ற இரண்டு விமானப்படை அதிகாரிகள், அன்று பாதுகாப்பானது என்று பெயர் எடுத்திருந்த மல்டிக்ஸ் அமைப்புக்குள் எப்படியெல்லாம் நுழைய முடிந்தது என்று அறிக்கை எழுதினார்கள். இன்று பெனட்ரேஷன் டெஸ்டிங் என்று கற்றுக்கொடுப்பதன் வேர் அதுதான். உடையவன் சொல்லி உடைப்பது, பிறகு உட்கார்ந்து அறிக்கை எழுதுவது.

உடையவன் சொல்லாமல் நடந்தால்? இரண்டு மாணவர்களைச் சொல்கிறேன்.

முதலாமவர் ராபர்ட் மோரிஸ், கார்னெல் பல்கலைக்கழக மாணவர். 1988 நவம்பர் 2 அன்று, தானே நகலெடுத்துப் பரவும் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். அது அவர் நினைத்ததைவிடப் பல மடங்கு வேகமாகப் பெருகி, ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. இதில் வேடிக்கை, அவர் அப்பா அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு விஞ்ஞானி! நீதிமன்றம் மூன்று ஆண்டு நன்னடத்தைக் காவலும், 400 மணி நேர சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியர் ஆனார்.

இரண்டாவது ஆளின் கதைதான் வாத்தியாரான என்னை உறுத்துவது. மணிலாவில் ஏ.எம்.ஏ. கம்ப்யூட்டர் கல்லூரி மாணவர் ஓனல் டி குஸ்மான். இணைய இணைப்புக்குக் காசு கட்ட முடியாதவர்கள் பிறர் கடவுச்சொல்லை எடுத்துப் பயன்படுத்த வழிசெய்யும் ஒரு நிரலைத் தன் பட்டப் படிப்புக்கான ஆய்வாகக் கொடுத்தார். இது திருட்டு என்று ஆசிரியர்கள் நிராகரித்தார்கள். சரியான முடிவுதான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்தத் திறமையை வைத்துக்கொண்டு பையன் வேறு என்ன செய்யலாம் என்று காட்ட அன்று ஒரு பாடம் கிடையாது. 2000 மே 4 அன்று 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கப் பாய்ந்தது. அவர் கைவேலைதான், பல ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டார். தண்டிக்க அப்போது பிலிப்பைன்ஸில் பொருத்தமான சட்டமே இல்லை. அடுத்த மாதம் அவசரமாகக் கொண்டுவந்தார்கள்.

அதே ஜூன் மாதம் நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அக்டோபர் 17 முதல் அமல். அதில் 66ஆம் பிரிவின் தலைப்பிலேயே 'ஹேக்கிங்' என்ற சொல் இருந்தது. மூன்று ஆண்டு வரை சிறை. ஆக, சித்தப்பா சொன்னதில் தப்பில்லை. சட்டமே ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னது. 2008 திருத்தத்தில் அந்தத் தலைப்பு போய், 'நேர்மையின்றி அல்லது மோசடியாக' செய்தால் குற்றம் என்று மாறியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அதே சொல் 'எத்திக்கல்' என்ற அடைமொழியோடு ஒரு பாடத்தின் பெயராகவே வந்துவிட்டது.

இந்தப் பாடத்தில் பழகுவதற்கு என்றே, ஓட்டைகளோடு செய்து வைத்த 'மெட்டாஸ்ப்ளாய்டபிள்' என்ற கணினி உண்டு. மருத்துவ மாணவர்களுக்குப் பிணம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் வலிக்காது.

இனி நம் ஆட்கள். 2019இல் சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா, இன்ஸ்டாகிராமில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். என்னிடம் கணக்குப் படித்தவர்கள் கவனியுங்கள். கடவுச்சொல் மறந்தால் ஆறு இலக்க எண் ஒன்று போனுக்கு வரும். மொத்தம் 10 லட்சம் வாய்ப்புகள், நேரம் பத்து நிமிடம். ஒரே கணினியிலிருந்து ஏறத்தாழ 200 முறைக்கு மேல் முயன்றால் தடுத்துவிடும். அவர் 1,000 கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் முயன்று, 2 லட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். 5,000 கணினிகள் இருந்தால் 10 லட்சமும் முடிந்தது கதை! வாடகைக்கு எடுக்க 150 டாலர் போதும் என்று கணக்கும் சொன்னார். பிழை கண்டு சொல்பவர்களுக்குப் பரிசு என்று பேஸ்புக் 2011 முதலே அறிவித்திருந்தது. அவருக்குக் கிடைத்தது 30,000 டாலர். நாலாம் வகுப்புப் பெருக்கல்தான், அதை எங்கே போடுவது என்று தெரிந்திருந்தது.

இன்னொன்று நம் வீட்டு வாசலிலேயே நடந்தது. 2021 ஆகஸ்ட் கடைசியில், தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் 12ஆம் வகுப்பு படித்த 17 வயதுப் பையன், டிக்கெட் எடுக்க ஐ.ஆர்.சி.டி.சி. தளத்துக்குப் போனான். பரிவர்த்தனை எண்ணை மாற்றிக் கேட்டால், அடுத்தவர் பயண விவரம் வந்து நின்றது. பெயர், வயது, பி.என்.ஆர்., ரயில், எல்லாம். கோயில் வாசலில் செருப்பு விடுகிறோம் அல்லவா? டோக்கனைக் காட்டச் சொல்லாமல், வாயால் சொன்ன நம்பருக்கெல்லாம் செருப்பை எடுத்து நீட்டுவது போன்ற ஓட்டை. முகம் தெரியாத ஒருவரின் டிக்கெட்டை ரத்தே செய்திருக்கலாம். அவன் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதினான். சில நாட்களில் ஓட்டை அடைபட்டது.

அம்மாவின் பயத்துக்கு இங்கேதான் கொஞ்சம் இடம் இருக்கிறது. 66ஆம் பிரிவு கெட்ட எண்ணம் இருந்தால்தான் பாயும். 43ஆம் பிரிவு அப்படி அல்ல. உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணினிக்குள் போனாலே இழப்பீடு கேட்கலாம். நல்ல எண்ணத்தோடு போனவனுக்கு அதில் தனியாக ஒரு விலக்கு எழுதப்படவில்லை. பரிசு அறிவித்த நிறுவனத்தில் நுழைந்து பார்ப்பது வேறு, அறிவிக்காத அலுவலகத்தில் நுழைந்துவிட்டு "நல்லதுக்குத்தான் பார்த்தேன்" என்பது வேறு. பிள்ளைகள் செமஸ்டர் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் மாணவர்களில் வக்கீல்கள் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். 43ஆம் பிரிவில் இப்படி ஒரு விலக்கு சேர்த்தால், திருடனும் அதே கதவு வழியாகத் தப்பிவிடுவானா? கீழே எழுதுங்கள். வீட்டில் இதே பாடம் எடுத்திருக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.