திண்டிவனத்து இரவும் தாயின் கல்வியும்

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயர் நம் திருச்சபைகளில் ஓர் இரவின் பெயராகவே நிலைத்துவிட்டது. 1890களின் முற்பகுதியில், ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடரின் இல்லத்திற்கு ஒருவர்பின் ஒருவராக மூவர் வந்தனர். பிராமணர் ஒருவர், இசுலாமியர் ஒருவர், உயர்குல இந்து ஒருவர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். மிஷனெரியின் மகள் ஐடா வரவேண்டும் என்பதே மூவரின் வேண்டுகோள். ஐடாவோ மருத்துவம் அறியாதவர். அறிந்த தந்தையார் ஆண்மகன் ஆகையால் அவரை வீட்டினுள் விட அவர்கள் இசையவில்லை. மூன்று பெண்களும் மாண்டனர். அமெரிக்காவிற்கே திரும்பிவிட எண்ணியிருந்த ஐடா, மருத்துவம் கற்கப் புறப்பட்டார். 1899 இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் தேறி, 1900 இல் வேலூரில் பணியைத் தொடங்கினார்.

இவ்வரலாற்றை நாம் அழைப்பின் வரலாறாகவே பிரசங்கித்து வந்துள்ளோம். அது தவறன்று. ஆயினும் அக்கதையின் நாயகி ஐடாவாகவே இருப்பதால், இறந்த பெண்கள் பெயரற்றவராய் நிற்கின்றனர்; அவர்தம் சிசுக்களைப் பற்றியோ நம் பிரசங்கங்களில் ஒரு சொல்லும் இல்லை. திண்டிவனத்தில் அன்று மருத்துவ அறிவு இல்லாமல் இல்லை. அது வாசற்படிவரை வந்து நின்றது; உள்ளே செல்ல வழியில்லாதிருந்தது.

ஐடா ஸ்கடர் இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்பதை அவருடைய பிற்காலப் பணியே காட்டுகின்றது. 1902 இல் மருத்துவமனை எழுப்பியதோடு அவர் அமையவில்லை. 1909 இல் செவிலியர் பயிற்சியையும், 1918 இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். வீட்டினுள் செல்லக்கூடியவர்கள் கையில் அறிவு ஒப்படைக்கப்பட்டது. எனினும் வீட்டினுள் ஏற்கெனவே இருப்பவள் ஒருத்தி உண்டு. அவள் தாய். அவளை நோயாளியாகக் கருதிய காலம் நீண்டது. மாணவியாகக் கருதிய காலம் குறுகியது.

இக்குறையைத் தெளிவாகக் காட்டுவது, சற்றே முந்திப் பிறக்கும் குழந்தையாகும். முப்பத்துநான்கு வாரம் நிறைந்து, முப்பத்தேழு நிறையுமுன் பிறப்பவை இவை. மருத்துவ உலகம் இவற்றை நெடுங்காலம் ‘ஏறத்தாழ நிறைமாதக் குழந்தைகள்’ என்றே அழைத்தது. அப்பெயரே ஆபத்தாயிற்று. நிறைமாதம் போலவே எண்ணிக் கவனம் தளர்ந்தது. 2005 இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய ஆய்வரங்கம் அப்பெயரை நீக்கி, ‘பிந்திய குறைமாதக் குழந்தைகள்’ என அழைக்கப் பரிந்துரைத்தது. ஒரு பெயர் மறைப்பதை மற்றொரு பெயர் வெளிப்படுத்தும் என்பதை இறையியல் மாணவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பார்வைக்கு இக்குழந்தை நிறைவாகவே இருக்கும். இரண்டு கிலோவுக்கு மேலும் எடை இருக்கலாம். ஆனால் முப்பத்துநான்கு வாரத்தில் அதன் மூளையின் எடை நிறைமாதக் குழந்தையின் மூளையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. சப்புதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் அதற்கு இன்னும் ஒத்திசையவில்லை. சிறிது சப்பி அயர்ந்து உறங்கிவிடும்; பசித்தும் அழாது. ‘அழாத சமர்த்துக் குழந்தை’ என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில் உடல் குளிரும், இரத்தத்தில் சர்க்கரை குறையும், மஞ்சள் காமாலை மிகும்.

ஆகவே தாய் கற்க வேண்டியவை எளியவை போலத் தோன்றினும் கடினமானவை. அழுகையை எதிர்பாராமல் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும், எழுப்பிப் பாலூட்ட வேண்டும். சட்டையில்லாத சிசுவைத் தன் வெறும் மார்பில் அணைத்து வைத்தால் அதன் சூடு காக்கப்படும்; பாலும் பெருகும். குழந்தை சப்பித் தளர்ந்தபின் மீந்த பாலைக் கையால் பீய்ச்சிப் புகட்ட வேண்டும். மார்பு காலியானால்தான் மேலும் சுரக்கும். தேங்கினால் சில நாட்களில் சுரப்பே குன்றும். சீம்பாலைப் பீய்ச்சி எறிவதும், சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ முதலில் புகட்டுவதும் கைவிடப்பட வேண்டும். நனைந்த துணிகளை எண்ணுதல், பகல் வெளிச்சத்தில் தோலின் நிறம் பார்த்தல், எழுப்பியும் எழாவிடில் உடனே மருத்துவமனை செல்லுதல் ஆகியனவும் இப்பாடத்தில் அடங்கும்.

இக்கல்வி இன்று தோன்றியதன்று. திண்டிவனத்தில் மூன்று பெண்கள் மாண்ட அதே காலத்தில், 1892 இல், பாரிசின் ஷாரிதே மருத்துவமனையில் பியேர் புதேன் என்னும் பிரசவ மருத்துவர், பெற்றுச் சென்ற தாய்மாரைக் குழந்தையோடு மீண்டும் வரச்செய்து, எடை பார்த்து, பாலூட்டக் கற்பித்தார். குறைமாதக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தால் அவளுடைய பற்றும் தளரும் என்று அவர் எச்சரித்தார். பின்வந்தோர் கண்ணாடிப் பெட்டியை ஏற்றனர். தாயை வெளியே நிறுத்தினர். வாசற்படியில் இம்முறை நின்றவள் தாயே! 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாமையால், எட்கர் ரே சனாப்ரியாவும் எக்டர் மார்தினெசும் சிசுக்களைத் தாயின் மார்பிலேயே கட்டிவைக்கத் தொடங்கினர். வறுமை கற்பித்த அப்பாடத்தை உலக சுகாதார நிறுவனம் 2022 இல் எல்லா நாட்டிற்கும் பரிந்துரைத்தது.

நம் நாடும் இதில் வெறுங்கையோடு நிற்கவில்லை. குழந்தைக்கு மருந்தும் பாலும் புகட்ட நம் பாட்டிமார் வைத்திருந்த, மூக்கு நீண்ட சிறு கிண்ணமாகிய பாலாடை, இன்று சிசுப் பராமரிப்புப் பிரிவுகளில் இடம்பெற்றுள்ளது. ஆங்கிலப் பயிற்சி நூல்களிலும் அது ‘பாலாடை’ என்றே வழங்குகின்றது. அக்கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் இருந்த இடத்தில் தாயின் பாலை ஊற்றுவதே வேண்டிய மாற்றம்.

1993 இல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. ஐடா கண்ட அடைத்த கதவு இன்றில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் பிரசவங்களில் 99 விழுக்காட்டிற்கும் மேலானவை மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 60 விழுக்காடே. பெண்கள் உள்ளே வந்துவிட்டனர். பாடம் முழுமையாக அவர்களை எட்டவில்லை.

இதனைத் தாயின் அறியாமை என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது. கரும்பு வெட்டவும் மணிலாக்கொட்டை பறிக்கவும் செல்லும் ஒரு பெண் மூன்று மணிக்கு ஒருமுறை விழித்துப் பாலூட்ட வேண்டுமாயின், அடுப்பும் தண்ணீர்க்குடமும் வேறொருவர் கைக்கு மாற வேண்டும். இழந்த கூலிக்கு ஈடாகவே 1987 இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழக அரசு மகப்பேறு உதவித்தொகையைத் தொடங்கியது. பணம் கூலியை ஈடுசெய்யும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பாலாடையைக் கழுவித் தர, கணவனும் மாமியாரும் அதே பாடத்தைக் கேட்டிருக்க வேண்டும். குழந்தைக்காக ஜெபிக்கப் போதகர் வீட்டிற்குச் செல்லும் நாளில் அவர்கள் இருவரும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பர்.