கியர் பொக்ஸுக்குள் ஒரு திமிங்கிலம்

திருகோணமலையில் எந்தக் கராஜுக்குப் போனாலும், நிலத்தில் கிடக்கிற கறையைப் பார்த்தே காரின் வருத்தத்தைப் பாதி சொல்லிவிடலாம். கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில். சிவப்பு என்றால் ஓட்டோ கியர் பொக்ஸ் ஒழுகுது எண்டு அர்த்தம். அந்த ஒயிலுக்குச் சிவப்புச் சாயம் போடுவதே, ஒழுகுவது எது என்று ஒரே பார்வையில் தெரியவேண்டும் என்பதற்காகத்தான்.

இந்தச் சிவப்புக் கறைக்கு இப்போது வயது கூடிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் இருந்த ஐந்து வருஷமும் இருந்ததை வைத்தே ஓடவேண்டியிருந்தது. 80களிலும் 90களிலும் ஜப்பானிலிருந்து வந்த ஓட்டோ கியர் கொரோலாக்கள் இதற்குள் 'கிளாசிக்' ஆகிவிட்டன. அவை ஒழுகத் தொடங்கும்போது அனுபவப்பட்ட ஆக்கள் ஒரு வசனம் சொல்வதுண்டு: "முந்தின ஒயில் மாதிரி இப்ப வாறேல்ல."

அதில் ஒரு பாதி உண்மை. முந்தின ஒயிலில் இப்போது இல்லாத ஒரு பொருள் இருந்தது. அது திமிங்கில எண்ணெய். எந்தத் திமிங்கிலம் என்று கேட்டால் கதை எங்கட ஊருக்கே வந்துவிடும். கோணேஸ்வரம் நிற்கும் சுவாமிமலையிலிருந்து கிழக்கே பார்த்தால் தெரிகிற அதே கடலில் அந்த இனம் இன்றைக்கும் நீந்துகிறது.

கிளச் மிதியை எடுத்துவிட்டால்

சாதாரணக் காரில் கியர் மாற்றுவது உங்கள் காலும் கையும். ஓட்டோ கியரில் அந்த வேலையைச் செய்வது ஒயில்தான். எஞ்சின் சுற்றும் விசையைச் சக்கரப் பக்கம் கடத்துவது, அழுத்தம் கொடுத்து உள்ளே இருக்கும் கிளச் தட்டுகளைப் பிடிக்கவைப்பது, பற்சக்கரங்கள் தேயாமல் பார்ப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது, இவ்வளவும் ஒரே திரவத்தின் பொறுப்பு.

அதில் கஷ்டமானது கிளச் தட்டு விஷயம். ஒயில் அதிகம் வழுக்கினால் தட்டுகள் பிடிக்காமல் எரிந்துபோகும். வழுக்காவிட்டால் ஒவ்வொரு கியருக்கும் கார் 'டக்' என்று குதிக்கும். பிடிக்கவும் வேணும், மெதுவாகப் பிடிக்கவும் வேணும்.

ஜெனரல் மோட்டர்ஸ் 1939-இல் 'ஹைட்ராமற்றிக்' கியர் பொக்ஸை அறிமுகப்படுத்தியது. 1940 மொடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அது வந்தது. போர்க்காலத்தில் அமெரிக்காவின் இலகு ரகத் தாங்கிகளுக்குள்ளும் போனது. போர் முடிந்து, லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஓட்டோ கியர் போனபோது அதற்கென ஒரு பொதுத் தரம் தேவைப்பட்டது. 1949-இல் 'டைப் ஏ' என்ற ஒயில் தரம் வந்தது. 'பிடி, ஆனால் மெதுவாகப் பிடி' என்ற வேலைக்காக அதில் சேர்க்கப்பட்டதுதான் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய். 1960களின் பிற்பகுதியில் வந்த முதலாவது 'டெக்ஸ்ரனி'லும் அது தொடர்ந்தது.

ஏன் திமிங்கிலம்?

எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலை, உடம்பின் நீளத்தில் மூன்றிலொரு பங்கு வரை வரும். அதற்குள் வெள்ளை நிறத்தில் ஒரு மெழுகுத் திரவம் இருக்கிறது. அதை விந்து என்று தவறாக நினைத்த வேட்டைக்காரர்களால்தான் அதன் ஆங்கிலப் பெயரே அப்படி ஒட்டிக்கொண்டது.

வேதியியல்படி பார்த்தால் அது நாங்கள் சமைக்கிற எண்ணெய் மாதிரியான கொழுப்பு இல்லை. பெரும்பாலும் திரவ மெழுகு. இலகுவில் பழுதடையாது. சூட்டிலும் குளிரிலும் தடிப்பு பெரிதாக மாறாது. உலோகத்தோடு மெல்லிய படையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். கியர் பொக்ஸ் செய்பவர்களுக்கு வேறென்ன வேணும்?

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொன்ன கதை வேறு. முன்னொரு காலத்தில் விளக்கெரிக்கத் திமிங்கிலம் பிடித்தார்கள், பிறகு மண்ணெண்ணெய் வந்து திமிங்கிலத்தைக் காப்பாற்றியது எண்டு. உண்மைக் கணக்கு தலைகீழ். 18-ஆம், 19-ஆம் நூற்றாண்டுகளில், பாய்க்கப்பலும் கையெறி ஈட்டியுமாக இருந்த காலத்தில், ஏறத்தாழ மூன்று லட்சம் எண்ணெய்த் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இயந்திரக் கப்பலும் வெடி ஈட்டியும் வந்த 20-ஆம் நூற்றாண்டில் அது ஏழு லட்சத்தைத் தாண்டியது. 1964 அளவில், ஒரே ஆண்டில் கொல்லப்பட்டவை 29,000 வரை. விளக்கு அணைந்த பிறகுதான் வேட்டை உச்சத்துக்குப் போயிருக்கிறது. இந்த ஏழு லட்சத்தையும் கியர் பொக்ஸின் தலையில் கட்ட முடியாது. தோல் பதனிடல், அழகுசாதனம், இறைச்சி என்று பல வாங்குநர்கள் இருந்தார்கள். ஆனால் எண்ணெய்க்கு நல்ல விலை இருந்ததற்குப் பெரிய காரணம் இயந்திரங்கள்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அதே 1960களில் ஃபோர்ட் கொம்பனி வேறு வழியில் போனது. உராய்வை மென்மையாக்கும் சேர்மானம் இல்லாத 'டைப் எஃப்' ஒயிலுக்குப் பொருந்துகிற மாதிரி தன் கிளச் தட்டுகளை அமைத்தது. கியர் விழும்போது கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும், அவ்வளவுதான். அதாவது, திமிங்கிலம் இல்லாமலும் ஓட்டோ கியர் ஓடும் என்பது தடை வருவதற்கு முன்பே ரோட்டில் தெரிந்த உண்மை. அந்த எண்ணெயால் கிடைத்தது இன்னும் கொஞ்சம் சொகுசு.

தடையும் அதற்குப் பிறகும்

1970-இல் அமெரிக்கா எண்ணெய்த் திமிங்கிலத்தை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்து, அதன் எண்ணெய் இறக்குமதியை நிறுத்தியது. 1972-இலும் 1973-இலும் வந்த சட்டங்கள் அதை இறுக்கின. கியர் ஒயில் செய்பவர்கள் அவசரமாக மாற்றுத் தேடினார்கள். அமெரிக்க, மெக்சிக்கோப் பாலைவனத்தில் வளரும் 'ஹொஹோபா' செடியின் விதை எண்ணெயும் ஒரு திரவ மெழுகுதான் என்பதால் அதற்குத் திடீர் மவுசு வந்தது. கடைசியில் பெரும்பாலும் கைகொடுத்தவை ஆய்வுகூடத்தில் செய்த சேர்மானங்கள். 'டெக்ஸ்ரன் 2' அப்படி வந்ததுதான்.

முதல் முயற்சியே சரிவரவில்லை. ஆரம்ப 'டெக்ஸ்ரன் 2' ஒயில், கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாயின் ஈயப் பற்றை அரித்தது. அரிப்புத் தடுப்பானைச் சேர்த்து 70களின் நடுவில் மறுபடி திருத்தினார்கள். "முந்தின ஒயில் மாதிரி வராது" என்ற பேச்சுக்கு ஒரு வேர் இங்கே இருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சு 1975-ஓடு நின்றுவிடுகிறது. பிறகு வந்த ஒயில்கள் சூட்டைத் தாங்குவதில் பழையதை எப்பவோ முந்திவிட்டன.

எங்கட கடலில்

மகாவலி கடலில் சேர்கிற கொட்டியாரக் குடாவிலிருந்தே ஒரு ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. போகப்போக அதன் ஆழம் 3,000 மீற்றரைத் தாண்டும். மற்ற இடங்களில் நாள்கணக்காகக் கப்பலோட்டிப் போய்த் தேடவேண்டிய ஆழம், இங்கே கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில். எண்ணெய்த் திமிங்கிலம் கணவாய் தேடி ஆழத்துக்கு இறங்குகிற பிராணி. முக்கால் மணித்தியாலத்துக்கு மேலும் மூச்சடக்கக்கூடியது. அது ஏன் திருகோணமலைக்கு வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1979-இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. முன்மொழிந்தது சீஷெல்ஸ் என்ற சின்னத் தீவு நாடு. சரணாலயம் என்று அறிவித்தாகிவிட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டுமே. 1982 முதல் 1984 வரை 'டியூலிப்' என்ற சிறிய பாய்ப்படகு இந்தப் பக்கம் சுற்றியது. ஹால் வைட்ஹெட் தலைமையிலான ஆய்வாளர்கள், நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, திமிங்கிலங்கள் எழுப்பும் 'டிக் டிக்' ஓசையைக் கேட்டுக் கேட்டே பின்தொடர்ந்தார்கள். அதுவரை இந்த விலங்கைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி, கப்பல் தட்டில் கிடந்த பிணத்தை வெட்டிப் பார்த்து அறிந்தது. இங்கே உயிரோடு பார்த்தார்கள்.

பெண்களும் குட்டிகளும் குடும்பமாக வெப்பக் கடல்களில் வாழ்கின்றன. தாய் ஆழத்துக்கு இரை தேடிப் போகும்போது குட்டி மேலே மற்றப் பெண்களோடு நிற்கிறது. வளர்ந்த ஆண்கள் துருவப் பக்கக் குளிர்க்கடல்களுக்குப் போய், இனம்பெருக்க மறுபடி வெப்பக் கடலுக்கு வருகின்றன. அந்தாட்டிக் கடலில் வேட்டைக் கப்பல்கள் கொன்றவை அந்த ஆண்களைத்தான். எண்ணெய் வேறு சமுத்திரத்தில் எடுக்கப்பட்டிருந்தாலும், இழப்பு வெப்பக் கடல்களில் இருந்த குடும்பங்களுக்கும்தான். போதாததற்கு, 1960களில் சோவியத் கப்பல்கள் இந்து சமுத்திரத்தின் வடபகுதியிலேயே களவாக வேட்டையாடின. அந்தக் கணக்கு வெளியே வந்தது 1990களில்.

1983-க்குப் பிறகு எங்களுக்கு யுத்தம். மீனவருக்கே கடல் மறுக்கப்பட்ட காலத்தில் திமிங்கிலத்தைப் பார்க்க யார் போவது? யுத்தம் முடிந்த பிறகுதான் நிலாவெளி, உப்புவெளிப் பக்கமிருந்து திமிங்கிலம் பார்க்கும் படகுகள் ஓடத் தொடங்கின.

ஒழுக்கை அடைப்பது

இனி அந்தக் கொரோலாவுக்கு வருவோம். அதன் கியர் பொக்ஸுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 1969-இல் ஜப்பானின் அய்சினும் அமெரிக்காவின் போர்க் வோர்னரும் சேர்ந்து தொடங்கிய 'அய்சின் வோர்னர்' கொம்பனியின் வழியில்தான் டொயோட்டாவின் ஓட்டோ கியர்கள் வளர்ந்தன. அக்காலக் கார்கள் பலவற்றில் ஒயில் பார்க்கிற கம்பியிலேயே 'டெக்ஸ்ரன்' என்று பொறித்திருக்கும். திமிங்கிலத்துக்குப் பிந்திய ஒயிலுக்கென்றே செய்த கியர் பொக்ஸ் அது. அது ஒழுகினால் ஒயிலின் தலைமுறையைக் குற்றம் சொல்ல முடியாது. காரணம் வயது: ரப்பர் சீல் காய்ந்து இறுகுகிறது, தக்கைப் பெக்கிங் சுருங்குகிறது.

அடியைக் கழுவி, கீழே வெள்ளை மட்டை ஒன்றை விரித்து, ஒரு இரவு விட்டுப் பார்த்தால் இடம் தெரியும். அடிப் பானைச் சுற்றி என்றால் பெக்கிங். நட்டை இன்னும் இறுக்கினால் நிற்கும் எண்டு இறுக்குவதுதான் வழமை. அதனால் பானின் விளிம்பு வளைந்து ஒழுக்கு கூடும். கழற்றி, விளிம்பைத் தட்டி நேராக்கி, புதுப் பெக்கிங் போட்டு, அளவாக இறுக்கவேண்டும். பின்பக்கம் என்றால் வெளித்தண்டின் சீல். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேருமிடத்தில் சிவப்பு என்றால் முன் சீல். பொக்ஸை இறக்காமல் முடியாது. ரேடியேட்டர் தண்ணி இளஞ்சிவப்புப் பால் மாதிரி மாறியிருந்தால் குளிர்விப்பான் உள்ளுக்குள் உடைந்திருக்கிறது. அதோடு ஒரு கிலோமீற்றரும் ஓடக்கூடாது.

வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த கார் மட்டும் ஒழுகினால் பயப்படத் தேவையில்லை. முன்பக்கத்தில் நிற்கவேண்டிய ஒயில் மெல்ல வடிந்து பானில் நிறைய, மட்டம் உயர்ந்து கியர்த் தண்டின் சீலால் வெளியே வருகிறது. அந்தச் சீலை மாற்றி, காரை இடைக்கிடை ஸ்டார்ட் பண்ணினால் சரி.

போத்தலில் வரும் 'ஒழுக்கு நிறுத்தி' ரப்பரை வீங்கவைத்துக் கொஞ்ச நாள் சமாளிக்கும். பிரேக் ஒயில் ஊற்றுகிற வித்தை அதே ரப்பரைக் கொஞ்ச நாளில் கூழாக்கிவிடும். புதுக் கார்களுக்கான மெல்லிய ஒயிலும் பழைய பொக்ஸுக்கு வேண்டாம். கம்பியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

வடித்த பழைய ஒயிலை என்ன செய்வது என்பது மிச்சக் கேள்வி. கானில் ஊற்றினால் அது மாரி மழையோடு உள்துறைமுகத்துக்குப் போகும்; கொட்டியாரக் குடா அடுத்த வாசல். நாங்கள் இப்போது ஊற்றுகிற சிவப்பு ஒயிலில் திமிங்கிலம் இல்லை. திமிங்கிலம் இருக்கிற தண்ணிக்குள் அந்த ஒயிலையும் அனுப்பாமல் இருக்க ஒரு பழைய கானும் மூடியும் போதும். நிரம்பியதும் கழிவு ஒயில் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம்.