வராத படையும் வந்த அச்சமும்

வரலாறு கற்போர் நிகழ்ந்தவற்றை மட்டுமன்றி, நிகழுமென மக்கள் அஞ்சியவற்றையும் ஆராய்தல் வேண்டும். மன்திக் எனும் தருக்கக் கலை நிகழக்கூடியதை ‘மும்கின்’ என்றும், நிகழ்ந்ததை ‘வாகிஃ’ என்றும் பிரித்துக் கற்பிக்கிறது. 1942-இல் தமிழகக் கரையில் ஜப்பானியப் படை இறங்கிச் சேலம்வரை வந்திருக்க இயலுமா என்னும் வினாவையும் அவ்வாறே அணுகுவோம்.

அவ்வாண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும், மார்ச் 8-இல் ரங்கூனும், 23-இல் அந்தமானும் வீழ்ந்தன. ஏப்ரல் 5-இல் கொழும்பும், 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னை அரசு அலுவலகங்களை உள்ளூர்ப் பகுதிகளுக்கு மாற்றியது. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். கடலுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் மேற்கிலுள்ள சேலம், நாமக்கல் சமவெளியிலும் பகைவர் நாடக்கூடிய பொருள்கள் இருந்தன: மேட்டூர் அணை, அதன் மின்நிலையம், சேலத்து வெள்ளைக்கல்.

ஆயினும் நகுமோவின் கப்பற்படை தாக்கித் திரும்பவே வந்தது. நாடு பிடிக்கும் தரைப்படை அதனுடன் இல்லை. இலங்கையைக் கைப்பற்றலாம் என்ற கடற்படையினரின் யோசனையைத் தரைப்படைத் தலைமை ஏற்கவில்லை. அதன் பெரும்பகுதி சீனாவிலும் மஞ்சூரியாவிலும் நின்றது. சிங்கப்பூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். கரையில் இறங்கிய படைக்கு உணவும் எண்ணெயும் வெடிமருந்தும் அத்தொலைவைக் கடந்து ஓயாது வந்தாக வேண்டும். அதற்குப் போதிய கப்பல்கள் ஜப்பானிடம் இல்லை. ஜூன் மாதம் மிட்வேயில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. அவற்றுள் மூன்று இலங்கையைத் தாக்கியவை. 1944-இல் பர்மா வழியே இம்பாலை நோக்கி வந்த படையும் உணவின்றி நலிந்தே திரும்பியது.

வராத அப்படை நம் அரசியலில் ஒரு தடத்தை விட்டுச் சென்றது. ஒருகாலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக விளங்கியவரும், திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் கண்டவருமான இராஜாஜி, படையெடுப்பு நெருங்குகிறது என்றே கருதினார். எதிர்த்து நிற்க இந்து முஸ்லிம் ஒற்றுமையும் தேசிய அரசும் வேண்டும் என்றார். ஏப்ரல் 23-இல் சென்னைச் சட்டமன்றக் காங்கிரசார் அவர் தலைமையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினர். அரசியலமைப்பு வகுக்கும் காலத்தும் முஸ்லிம் லீக் பிரிவினையை வற்புறுத்துமாயின் அதனை ஏற்கலாம் என்பதே அதன் சாரம். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி 120-க்கு 15 என்ற வாக்கில் இக்கருத்தைத் தள்ளியது. ஜூலையில் அவர் காங்கிரசை விட்டு விலகினார்.

படை வருமென அவர் கணித்தது பிழையாயிற்று. ஆனால் மிட்வேயின் முடிவு ஏப்ரலில் எவரும் அறியாதது. அறிந்த அளவைக் கொண்டே அவரை எடைபோடுதல் நீதி. அன்று பலர் ஊரை விட்டு அகலும் வழியைத் தேடினர். அவரோ அண்டை வீட்டாருடன் உடன்பாடு காணும் வழியைத் தேடினார். ஜப்பானியர் வரவேயில்லை. பேசித் தீர்க்காது விட்ட அந்தச் சிக்கலோ 1947-இல் பெருங்குருதியுடன் வந்து சேர்ந்தது.