வென்றோர்க்குரிய இடம்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய நாளில், எங்கள் சிற்றூர்ப் பள்ளியின் கூடைப்பந்துக் குழு ஒரு முறை குறுவட்டப் போட்டியில் வென்று மாவட்டப் போட்டிக்குச் சென்றது. அங்கு வந்திருந்த நகரத்துப் பள்ளி மாணவர்கள் புதுக் காலணியும் பளிச்சென்ற சீருடையும் அணிந்திருந்தனர். எம் பிள்ளைகளுள் சிலர் வெறுங்காலுடன் நின்றனர். அவர்களுள் ஒருவன் என் அருகே வந்து, "ஐயா, நம்மை இங்கு வர யார் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று தயக்கத்துடன் வினவினான். "யாரும் தேர்ந்தெடுக்கவில்லையப்பா. நீங்கள் வென்றீர்கள், ஆகையால் வந்தீர்கள்" என்றேன். அன்று முதல் ஆட்டத்திலேயே நாங்கள் தோற்றோம். ஆயினும் அவ்விடையைக் கேட்டபின் அவன் தலைநிமிர்ந்து ஆடுகளத்துக்குள் நடந்து சென்றதை நான் இன்றும் மறக்கவில்லை.

பிறர் மதிப்பிட்டுத் தரும் இடம் ஒன்று; தானே வென்று பெறும் இடம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயான வழக்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்லூரி விளையாட்டில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சுருங்கச் சொல்ல விழைகிறேன். அது நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார். அதே பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நிகழ்ந்த முதற்போட்டி 1852-இல் நடந்த படகுப்போட்டியாகும். ஹார்வர்டு, யேல் ஆகிய இரு கல்லூரிகளின் மாணவர்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஏரியொன்றில் படகு செலுத்தினர். அப்போட்டிக்குப் பொருளுதவி செய்தது ஓர் இருப்புப்பாதைக் குழுமம். பயணிகளைத் தன் புகைவண்டியில் வரவழைப்பதே அதன் நோக்கம். கல்வி ஒரு பக்கமும் வணிகம் ஒரு பக்கமும் நின்று விளையாட்டை இழுத்த கதை அன்றே தொடங்கிவிட்டது.

பின்னர் அமெரிக்கக் காற்பந்து பரவியது. இது நாம் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, எதிரிகளை முட்டி மோதி ஓடும் ஆட்டம். வெற்றி வேட்கை மிகவே, மாணவரல்லாதாரையும் கூலிக்கு அமர்த்திக் கல்லூரியின் பெயரால் ஆடவிடும் இழிவு புகுந்தது. இதனைத் தடுக்கக் கருதி, பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் என்பவரின் முயற்சியால், 1895 சனவரியில் நடுமேற்கு மாநிலங்களின் பல்கலைக்கழகத் தலைவர்கள் சிகாகோ நகரில் கூடினர். உண்மையாகப் பயிலும் மாணவரே ஆடலாம் என்று விதி வகுத்தனர். மறு ஆண்டில் ஏழு பல்கலைக்கழகங்கள் ஒரு கூட்டமைப்பாயின. இதுவே பிற்காலத்தில் 'பிக் டென்', அதாவது பெரிய பத்து, என்று பெயர் பெற்றது. இத்தகைய கூட்டமைப்பை அந்நாட்டார் 'கான்பரன்ஸ்' என்பர்.

கூட்டமைப்பு என்பது அக்காலத்தில் அண்டை வீட்டார் உறவு போன்றது. புகைவண்டியில் சென்று ஆடிவிட்டு வகுப்புக்குத் திரும்பக்கூடிய தொலைவில் உள்ள கல்லூரிகளே ஒன்றுசேர்ந்தன. ஒருவர் மைதானத்தை ஒருவர் அறிவர்; ஒருவர் விதியை ஒருவர் மதிப்பர். ஆண்டு முழுவதும் தமக்குள் ஆடித் தம்முள் வல்லவர் யார் என்று முடிவு செய்வர்.

அந்த வல்லவர் நாடு முழுவதற்குமான போட்டிக்குச் செல்வது எவ்வாறு? 1906-இல் தோன்றி 1910-இல் இன்றைய பெயரைப் பெற்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், 1939-இல் ஆடவர் கூடைப்பந்துக்கு நாடளாவிய போட்டியைத் தொடங்கியது. அதில் ஆடியவை எட்டே குழுக்கள். நாட்டை எட்டு வட்டங்களாகப் பிரித்து, வட்டத்திற்கு ஒரு குழுவைத் தேர்ந்தழைத்தனர். ஓரிகன் பல்கலைக்கழகம் 46-33 என்ற கணக்கில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தை வென்றது. 1951-இல் குழுக்களின் எண்ணிக்கை 16 ஆயிற்று. அப்பொழுதுதான் பத்துக் கூட்டமைப்புகளின் வெற்றியாளர்க்கு, எவர் பரிந்துரையும் வேண்டாது தாமே உட்புகும் உரிமை முதன்முதலாக அளிக்கப்பட்டது. இதனை நாம் 'உரிமை இடம்' என்போம். தேர்வுக்குழு தன் மதிப்பீட்டால் வழங்கும் மற்றையதைத் 'தெரிவு இடம்' என்போம்.

உரிமை இடம் நன்றே. ஆயினும் விதி மிக இறுகினால் அதுவும் அநீதியாகும். அக்காலத்தில் ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒரே குழுதான் செல்லலாம். 1974 மார்ச்சில், அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் மோதின. குறித்த நேரம் முடிந்தும் சமநிலை நீங்கவில்லை. கூடுதல் நேரத்தில் 103-100 என்ற கணக்கில் வட கரோலினா வென்றது. வென்ற குழு பின்னர் நாட்டின் வாகையையும் சூடியது. தொடர்ந்து ஏழாண்டு வாகை சூடிய லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தையும் இடையில் வீழ்த்தியது. அத்தகைய குழுவிடம் மூன்றே புள்ளிகளில் தோற்ற மேரிலாந்து, நாட்டின் முதல் நான்கு குழுக்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டிருந்தும், தேசியப் போட்டியில் கால்வைக்க இயலவில்லை. மறு ஆண்டே குழுக்களின் எண்ணிக்கையை 32 ஆக்கி, ஒரு கூட்டமைப்பிலிருந்து இன்னொரு குழுவும் தெரிவு இடத்தில் வரலாம் என்று விதியைத் திருத்தினர். 1985-இல் எண்ணிக்கை 64 ஆயிற்று, 2011-இல் 68.

தெரிவு இடங்கள் பெருகவே, நோய் மறுபக்கம் திரும்பியது. பெரிய கூட்டமைப்புகளின் நான்காம், ஐந்தாம் குழுக்கள் கூடத் தெரிவு இடம் பெற்றன. "சிறிய கூட்டமைப்பின் வெற்றியாளர் வந்து முதல் ஆட்டத்திலேயே பெருந்தோல்வி அடைகின்றாரே, அவர்க்கு எதற்கு ஓர் இடம்?" என்ற பேச்சு எழுந்தது. இக்கேள்வியை முற்றிலும் தவறு என்று தள்ளிவிடவும் இயலாது. வலிமையுள்ள குழு வெளியே நிற்க, வலிமை குறைந்த குழு உள்ளே செல்வதைக் கண்டு மனம் பொறாதவர் கேட்ட கேள்வி அது.

அதற்கு விடை 1989 மார்ச்சில் கிடைத்தது. ஐவி கூட்டமைப்பில் வென்ற பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், வரிசையின் கடைசியில் வைக்கப்பட்டு, முதலிடத்து ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை எதிர்த்தது. விளையாட்டுத் திறனுக்கென உதவித்தொகை வழங்குவதில்லை என்பது ஐவி கூட்டமைப்பின் கொள்கை. பிரின்ஸ்டன் மாணவர்கள் அவசரமின்றிப் பந்தை நிதானமாகக் கைமாற்றி, தக்க வாய்ப்பு வாய்த்தபோது மட்டும் எறிந்தனர். இடைவேளையில் எட்டுப் புள்ளி முன்னிலை அவர்களுடையது. முடிவில் ஒரே புள்ளியில், 50-49 என்று தோற்றனர். தோற்றவரே அன்று ஒரு வழக்கை வென்றனர் எனலாம். சிறியோர்க்கு உரிய கதவை அடைக்கும் பேச்சு அதன்பின் வலுவிழந்தது.

பின்வந்த ஆண்டுகள் அக்கதவின் பயனை மெய்ப்பித்தன. 1998-இல் மகளிர் போட்டியில், வரிசையின் கடையில் இருந்த ஹார்வர்டு முதலிடத்து ஸ்டான்போர்டை வென்றது. ஆடவர் போட்டியில், 1985 முதல் முதலிடத்துக் குழுவை எதிர்த்த கடையிடத்துக் குழுக்கள் 135 முறையும் தோற்றிருந்தன. 2018-இல் பால்டிமோர் வட்டாரத்தைச் சேர்ந்த மேரிலாந்துப் பல்கலைக்கழகக் கிளையொன்று 136ஆம் முறை வந்தது. வர்ஜீனியாவை 74-54 என வென்றது. அக்கிளை தன் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தைக் கடைசி நொடிகளில் எறிந்த ஒரு பந்தால் வென்று உள்ளே வந்தது. அந்தப் பந்து தவறியிருப்பின், எந்தக் குழு அதனைத் தேர்ந்தழைத்திருக்கும்?

இனி, அக்கதவைத் தாங்கும் சுவருக்கு நேர்ந்ததைக் காண்போம். உரிமை இடம் கூட்டமைப்புக்கு உரியது. கூட்டமைப்பு நிலைத்தால்தான் இடமும் நிலைக்கும்.

1984 வரை, கல்லூரிக் காற்பந்து ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை தேசியச் சங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், அவ்வாண்டு சூன் மாதம், அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் அக்கட்டுப்பாடு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. நீதியரசருள் எழுவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். அதன்பின் பல்கலைக்கழகங்களும் கூட்டமைப்புகளும் தத்தம் ஆட்டங்களைத் தாமே விற்கலாயின. மிகுதியான மக்கள் காணும் குழுக்கள் தம்முள் சேர்ந்தால் மிகுதியான பணம் வரும் என்னும் கணக்கு பிறந்தது. அண்டைமை என்னும் பழைய அளவுகோலின் இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது. டெக்சாஸ் வட்டாரத்தில் 80 ஆண்டுகள் இருந்த தென்மேற்குக் கூட்டமைப்பு 1996-இல் மறைந்தது. அதன் பெரிய உறுப்பினர் நால்வர் வேறு கூட்டுக்குச் சென்றனர், எஞ்சியோர் சிதறினர்.

இவை யாவற்றினும் பெரியது பசிபிக் கரையில் நிகழ்ந்தது. அங்கே 1915-இல் கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், ஓரிகன் மாநிலம் ஆகிய நான்கு கல்லூரிகள் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கின. ஆட்டக்காரர்க்கு மறைவாகப் பணம் அளித்த குற்றங்களால் 1959-இல் அது கலைந்தது. ஐந்து பல்கலைக்கழகங்கள் புதுக் கூட்டு அமைத்தபோது, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் ஓரிகன் கல்லூரிகள் இரண்டும் முதலில் வெளியே நின்றன. சில ஆண்டுகளுக்குப் பின்னரே அவை சேர்க்கப்பட்டன. அக்கூட்டு வளர்ந்து 2011-இல் பன்னிரண்டு உறுப்பினருடன் 'பசிபிக் பன்னிரண்டு' ஆயிற்று.

2022 சூன் இறுதியில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரு பெரும் பல்கலைக்கழகங்கள் தாம் பிக் டென் கூட்டில் சேரப்போவதாக அறிவித்தன. மறு ஆண்டு கோடையில், ஏனையோரும் ஒருவர்பின் ஒருவராக வெளியேற முடிவு செய்தனர். ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குச் சென்றன. நால்வர் 'பிக் பன்னிரண்டு' என்னும் கூட்டுக்குச் சென்றனர். பசிபிக் கரையில் உள்ள ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. 2024-இல் பெரிய பத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 18. பெயர் பத்து, எண்ணினால் பதினெட்டு! லாஸ் ஏஞ்சல்ஸ் மாணவர் நியூ ஜெர்சியிலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தோடு ஆடச் சுமார் 4000 கிலோமீட்டர் பறந்து செல்ல வேண்டும். கூடைப்பந்தும் கைப்பந்தும் ஆடும் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். அவர்களுடைய வகுப்பும் தேர்வும் அந்தத் தொலைவை அறியா.

எஞ்சி நின்றோர் இருவர்: ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம். 1959-இல் வெளியே நின்றவர்களுள் இவ்விருவரும் அடங்குவர் என்பதை நினைவிற்கொள்க. இருவர் மட்டும் ஒரு கூட்டமைப்பாகார். காற்பந்தின் முதல்நிலைக் கூட்டமைப்புக்கு எட்டு உறுப்பினரேனும் வேண்டும் என்பது விதி. குறைந்தால் ஈராண்டு தவணை உண்டு. ஆடவர் கூடைப்பந்தில் 32 ஆக இருந்த உரிமை இடங்கள் 2025-இல் 31 ஆயின. 12 குழுக்கள் ஆடும் புதிய காற்பந்து வாகைப் போட்டியில், ஆறு கூட்டமைப்பு வெற்றியாளர்க்கு ஒதுக்கியிருந்த இடங்களை, 2024-இல் போட்டி தொடங்குமுன்பே, ஐந்தாகக் குறைத்தனர். எவரும் ஆட்டத்தில் தோற்று இழந்த இடங்கள் அல்ல இவை.

ஆயினும் இக்கதை துயரத்தில் முடியவில்லை. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மகளிர் கூடைப்பந்துக் குழு 2024-இல் நாட்டின் இறுதி எட்டுக் குழுக்களுள் ஒன்றாக விளங்கியது. கூட்டமைப்பு சிதைந்தபின் அதன் ஆட்டக்காரர் பலர் வேறு பல்கலைக்கழகங்களுக்குச் சென்றுவிட்டனர். வீடிழந்த அக்குழுவுக்கு மேற்குக் கரைக் கூட்டமைப்பு தற்காலிகமாக இடமளித்தது. அது பெரும்பாலும் சமயச் சார்புடைய சிறிய தனியார் கல்லூரிகளின் கூட்டமைப்பு. 2025 மார்ச்சில் அக்கூட்டமைப்பின் போட்டியில், எஞ்சிய பெண்களும் புதிதாய் வந்தவர்களும் சேர்ந்து ஆடி வாகை சூடினர். அதனால் உரிமை இடம் பெற்றுத் தேசியப் போட்டிக்குச் சென்றனர். நேற்றுவரை பெரியவராய் இருந்தவர்க்கு, சிறியோர் காத்து வைத்திருந்த கதவே திறந்தது!

மாணவர்களே, மதிப்பீடு வேண்டாம் என்று நான் கூறவில்லை. மேரிலாந்தின் கதை மதிப்பீட்டின் தேவையை உணர்த்துகிறது. ஆயினும், மதிப்பிடுவோர் எத்துணை நடுநிலையாளராயினும், அவர் அறியாத ஊர்கள் உண்டு; அவர் காணாத ஆட்டங்கள் உண்டு. அவ்வூர்களிலிருந்து வருவோர்க்கு வெற்றி ஒன்றே சான்றாக அமையும் வழி ஒன்று எப்போதும் திறந்திருத்தல் வேண்டும். அவ்வழியைக் காப்பது, அண்டையில் உள்ளோர் தமக்குள் கூடி, ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு, தோல்வியிலும் பிரியாதிருக்கும் கூட்டுறவு. பணம் மிகுதியாகக் கிடைக்கும் இடத்துக்குப் போவது எளிது. போனபின், விட்டு வந்த கூட்டோடு இடிந்த கதவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது அரிது.

அன்று என்னிடம் வினவிய மாணவனுக்கு நான் கூறிய விடை ஒரு சிறு சொற்றொடர். அவ்விடை உண்மையாக இருப்பதற்கு எங்கோ ஒரு விதி நிலைத்து நிற்க வேண்டும் என்பதை, இவ்வரலாற்றைப் படித்தபின்னரே நான் முழுதும் உணர்ந்தேன். நீங்கள் நாளை விதிகளை வகுக்கும் நிலைக்கு வருவீர்கள். அப்போது வெறுங்காலுடன் வந்து வாயிலில் நிற்கும் பிள்ளையை நினைவிற்கொள்ளுங்கள்.