துவக்கிலிருந்து அனுமதிச்சீட்டுக்கு: கொரில்லாக் காட்டின் நூறாண்டுக் கதை

1902 ஒக்டோபர் 17ஆம் திகதி. அன்றைய ஜேர்மன் கிழக்காபிரிக்காவின் இராணுவ அதிகாரி கப்டன் ரொபர்ட் வொன் பெரிங்கே, விருங்கா எரிமலைத் தொடரின் சபின்யோ மலையில் கூடாரமடித்திருந்தார். தமக்கு மேலே சரிவில் ஏறிக்கொண்டிருந்த பெரிய கறுத்த குரங்குக் கூட்டமொன்றைக் கண்டதும் துவக்கை எடுத்துச் சுட்டார். இரண்டு விழுந்தன. ஒன்றை மட்டும் பெரும் பிரயாசைப்பட்டுப் பள்ளத்திலிருந்து மீட்டு பெர்லினுக்கு அனுப்பினார். மட்ஷி என்ற விலங்கியலாளர் மறு ஆண்டு அதற்குப் பெயர் சூட்டினார்: கொரில்லா பெரிங்கெய். சுட்டவரின் பெயரே சுடப்பட்டதற்கும் வாய்த்தது.

மலைக் கொரில்லாவை ஐரோப்பா 'கண்டுபிடித்த' கதை இதுதான். எங்கள் புவியியற் புத்தகங்களில் இந்தக் 'கண்டுபிடித்தல்' என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம் நான் மாணவரைக் கொஞ்சம் நிறுத்தி, 'யார் கண்ணுக்கு?' என்று கேட்பதுண்டு. அந்த மலையடிவாரத்து மக்களிடம் அவ்விலங்குக்கு 'இங்காகி' என்று ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அதே காட்டுக்குள் தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் சிறு மான்களை வேட்டையாடியும் வாழ்ந்த பத்வா மக்களுக்கு அது அயல்வீட்டான் போன்றது. பத்வாக்கள் உருவத்தில் சிறியவர்கள். வெளியார் இவர்களைப் 'பிக்மி' என்பார்கள். கொரில்லாவைத் தின்பது அவர்களிடம் வழக்கமில்லை. மானுக்கு வைத்த கண்ணியில் அதன் கையோ காலோ சிக்கிவிடுவதுண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெரிங்கேக்குப் பிறகு அரும்பொருட்சாலைகளும் பிரபுக்களும் வரிசையில் நின்றார்கள். சுவீடன் இளவரசர் வில்ஹெல்மின் குழு 1921இல் மட்டும் பதினான்கு கொரில்லாக்களைச் சுட்டது. அதே ஆண்டில் அமெரிக்கரான கார்ல் ஏக்லி, நியூயோர்க்கிலுள்ள இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலைக்காக ஐந்தைக் கொன்றார். அவை இன்றும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. ஆனால் தாம் கொன்ற விலங்கின் முகத்தைப் பார்த்த பிறகு ஏக்லி வேறு மனிதரானார். கொங்கோவை ஆண்ட பெல்ஜிய மன்னர் அல்பேர்ட்டிடம் ஓயாமல் வாதாடினார். 1925இல் ஆபிரிக்காவின் முதலாவது தேசியப் பூங்கா அங்கே பிரகடனமாயிற்று. மறு ஆண்டு ஆய்வுக்காகத் திரும்பி வந்த ஏக்லி, மிக்கேனோ மலையிலேயே நோயுற்று இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பூங்காவுக்கு மன்னரின் பெயர் கிடைத்தது. எல்லைக்கோடு கீறியபோது உள்ளே இருந்த மனிதரை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று அக்காலத்தில் யாருக்கும் தோன்றவுமில்லை.

கொரில்லாவைச் சுடாமல் பார்ப்பதற்கே காசு கொடுப்பார்கள் என்று முதலில் எண்ணியவர் விஞ்ஞானியல்ல, ஒரு ஹோட்டல்காரர். வோல்டர் பவும்கார்டெல் என்ற ஜேர்மனியர் 1955 முதல் உகண்டாவின் கிசோரோ என்ற சிற்றூரில் சிறு விடுதியொன்றை நடத்தினார். தங்க வந்தோரை ரூபன் என்ற உள்ளூர் வழிகாட்டியுடன் முகாவுரா மலைக்கு அனுப்பினார். பலர் சேறு பூசிக்கொண்டு, ஒன்றையும் காணாமலே திரும்பினர். ஜோர்ஜ் ஷாலரும், பின்னாளில் புகழ்பெற்ற டயன் ஃபொஸியும் இந்த விடுதியின் வாசலைக் கடந்தவர்களே. பவும்கார்டெல் 1969இல் உகண்டாவை விட்டுப் போனார்.

அந்த ஆண்டை ஒட்டித்தான் எல்லைக்கு அப்பால் ருவாண்டாவில் பூங்காவின் சுமார் 10,000 ஹெக்டயர் வெட்டி எடுக்கப்பட்டது. எதற்கு? பைரீத்திரம் என்ற பூவைப் பயிரிட! அதிலிருந்து பூச்சிகொல்லி செய்து ஐரோப்பாவுக்கு விற்கலாம் என்பது திட்டம். 1960ஐ ஒட்டி ஷாலர் விருங்காவில் நானூறு, ஐந்நூறு என மதிப்பிட்ட கொரில்லாக்கள் 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 254 ஆகிவிட்டன. இடையில் 1977 டிசெம்பர் 31இல் ஃபொஸி பெயரிட்டு வளர்ச்சியைப் பார்த்துவந்த டிஜிட் என்ற ஆண் கொரில்லா, தலையும் கைகளும் வெட்டப்பட்டுக் கிடந்தது. எட்டாண்டுகள் கழிந்து ஃபொஸியும் தம் குடிலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஃபொஸிக்குச் சுற்றுலா பிடிக்காது. ஆனால் அவரிடம் வந்து வேலை செய்த பில் வெபர், ஏமி வெடர் தம்பதியர் வேறு கணக்குப் போட்டார்கள். மிஞ்சிய காட்டிலும் ஒரு பகுதியை மாட்டுப் பண்ணைக்கு எடுக்க ருவாண்டா அரசு எண்ணியபோது, மாடு தரும் வருமானத்தை விட உயிருள்ள கொரில்லா அதிகம் தரும் என்று இவர்கள் வாதாடினார்கள். ஏழை நாட்டின் அரசிடம் அழகைப் பற்றிப் பேசிப் பயனில்லை, வரவு செலவைப் பற்றிப் பேச வேண்டும் என்று கண்டுகொண்டது இவர்களின் கெட்டித்தனம். 1979இல் தொடங்கிய அந்தத் திட்டமே இன்று உலகெங்கும் 'சூழல்சார் சுற்றுலா' என்று சொல்லப்படுவதற்கு முன்மாதிரிகளில் ஒன்று.

உகண்டாவின் பிவிண்டிக் காடு இந்தக் கதைக்குள் பிந்தி வந்தது. 'ஊடுருவ முடியாத காடு' என்பது அதன் அரசாங்கப் பெயரிலேயே உண்டு. 331 சதுர கிலோமீற்றர் பரப்பு, 1,160 மீற்றரிலிருந்து 2,607 மீற்றர் வரை ஏறி இறங்கும் செங்குத்துச் சரிவுகள், கொடிகள், சேறு. சிம்பன்ஸியும் யானையும் சுமார் 350 வகைப் பறவைகளும் உண்டு. பிரித்தானியர் இதை 1932இல் ஒதுக்குக்காடாக்கினர். அப்போதும் பத்வாக்கள் உள்ளே போய்வந்தனர். 1991இல் பிவிண்டியும் கிசோரோவுக்கு அருகிலுள்ள முகாகிங்காவும் தேசியப் பூங்காக்களாயின. வாசல் மூடப்பட்டது.

வெளியேற்றத்தின் கணக்குத்தான் என்னை உறுத்துவது. காட்டோரம் பயிர் செய்தவனுக்குக் காட்டுவதற்கு ஒரு வயல் இருந்தது. அதை அளக்கலாம், விலை மதிக்கலாம், நட்டஈடு கேட்கலாம். பத்வாவிடம் வேலியில்லை, வரப்பில்லை, உறுதிப்பத்திரமில்லை. காட்டைக் குறைக்காமல் வாழ்ந்ததே அவனுக்கு அங்கே உரிமையில்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. பெரும்பாலோருக்கு எதுவும் கிடைக்கவில்லை. உகண்டா முழுவதிலும் ஏறத்தாழ ஆறாயிரம் பேரே உள்ள ஒரு சிறு சமூகம், அயலாரின் தோட்டங்களில் கூலியாகவும் காணியில்லாக் குடிகளாகவும் ஒதுங்கியது.

பயிர்செய்வோரும் சும்மா இருக்கவில்லை. பூங்கா வந்த முதலிரு ஆண்டுகளில் ஆத்திரத்தில் காட்டுக்குத் தீ வைத்தார்கள். அதன் பின்னரே நிருவாகம் கொஞ்சம் இறங்கி வந்தது. குறிப்பிட்ட பகுதிகளில் தேன்கூடு வைக்கவும் மூலிகையும் கூடை பின்னும் கொடியும் எடுக்கவும் விட்டார்கள். நுழைவுக் கட்டணத்தில் 20 வீதம் அயற்கிராமங்களுக்கு என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பாடசாலைக் கட்டடங்களும் பாதைகளும் வந்தன. கூட்டத்தில் எழுந்து நின்று பேசத் தெரிந்தவர்களின் பக்கமே அவை அதிகம் வந்தன.

1993இல் முபாரே என்ற கூட்டம் முதன்முதலாகப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. கொரில்லாவை மனிதனுக்குப் பழக்குவது இலேசான வேலையல்ல. இரண்டு வருடமளவில் நாள் தவறாமல் அதே கூட்டத்தைத் தேடிப் போய், அது சீறினாலும் பாய்ந்தாலும் ஓடாமல் தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பின்னரே பயணி வரலாம். ஒரு கூட்டத்துக்கு நாளொன்றுக்கு எட்டுப் பேர், ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1996இல் பிவிண்டியின் பழக்கப்பட்ட கூட்டமொன்றில் மயிர் உதிர்ந்து தோல் வெடித்தது. ஒரு குட்டி இறந்தது. உகண்டாவின் இளம் மிருக வைத்தியர் கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகா ஆராய்ந்தபோது அது சொறிச் சிரங்கு என்று தெரியவந்தது. தோட்டங்களில் வெருளிக்குப் போர்த்தியிருந்த பழந்துணியிலிருந்து தொற்றியிருக்க வேண்டும் என்று சந்தேகிக்கப்பட்டது. மாற்றுடையும் சவர்க்காரமும் இல்லாத குடியானவனின் நோய் கொரில்லாவைக் கொல்லுமென்றால், கொரில்லாவுக்கு வைத்தியம் குடியானவன் வீட்டில் தொடங்க வேண்டும். அந்த எண்ணத்தில் அவர் பின்னர் நிறுவிய அமைப்பு, கிராமத்தவரின் சுகாதாரத்தையும் கொரில்லாக்களின் சுகாதாரத்தையும் ஒன்றாகவே பார்க்கிறது. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் ஆள் அவர்தான்.

1999 மார்ச் முதலாம் திகதி ருவாண்டா இனப்படுகொலையாளரின் எச்சமான ஆயுதக் குழுவொன்று கொங்கோவிலிருந்து வந்து புஹோமா முகாமைத் தாக்கி, எட்டு வெளிநாட்டுப் பயணிகளையும் ஓர் உகண்டா அதிகாரியையும் கொன்றது. பயணம் நின்றது. மீண்டும் வந்தது. 2020இல் கொரோனா அதை மறுபடி நிறுத்தியது. வருமானம் இழந்த அந்த ஜூன் மாதத்தில் ரஃபிகி என்ற தலைமைக் கொரில்லா ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தது. சிறு விலங்கு வேட்டைக்குப் போனபோது அது பாய்ந்ததால் குத்தினேன் என்ற வேடனுக்குப் பதினோராண்டுச் சிறை.

இத்தனைக்கும் நடுவில் எண்ணிக்கை கூடியதை மறுக்க முடியாது. விருங்காவின் 254, 2016ஐ ஒட்டிய கணக்கெடுப்பில் 604 ஆனது. பிவிண்டியிலும் அதையொட்டிய கொங்கோக் காட்டிலும் 2018இல் எண்ணியவை 459. உலகில் பெருங்குரங்கினங்களில் தொகை கூடிவருவதாகச் சொல்லத்தக்கது இதுவொன்றே. பயணியின் பணமில்லாவிட்டால் அந்தச் சரிவுகள் எப்போதோ உருளைக்கிழங்குத் தோட்டமாகியிருக்கும். வெளிநாட்டுப் பயணி ஒரு மணித்தியாலத்துக்கு ருவாண்டாவில் 2017 முதல் 1,500 டொலரும், உகண்டாவில் 2024 ஜூலை முதல் 800 டொலரும் கட்டும்படியாயிற்று.

பத்வாக்கள் 2013இல் நீதிமன்றம் போனார்கள். 2021 ஓகஸ்டில் உகண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம், தகுந்த நட்டஈடின்றி வெளியேற்றப்பட்டதால் அவர்கள் தம் நாட்டிலேயே ஒதுக்கப்பட்டோராயினர் என்று ஏற்று, பரிகாரத்தைத் தீர்மானிக்க மேல் நீதிமன்றத்துக்கு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அரசு அதை எதிர்த்து மேன்முறையீடு செய்தது.

இப்போது அவர்கள் காட்டுக்குள் போக ஒரு வழி இருக்கிறது. 2011 முதல் முகாகிங்காவில் 'பத்வா பாதை' என்றொரு சுற்றுலா நடக்கிறது. தோலாடை உடுத்த பத்வா வழிகாட்டி, ஆயுதம் தாங்கிய காவலர் உடன் வர, பயணிகளை உள்ளே அழைத்துச் செல்வார். கோலைக் கோலில் தேய்த்துத் தீ மூட்டுவது எப்படி, தேனை எங்கே தேடுவது, எந்த இலை எந்த நோய்க்கு என்றெல்லாம் செய்து காட்டுவார். கடைசியில் கராமா என்ற எரிமலைக் குகை. முன்னொரு காலத்தில் பகைவருக்கு அஞ்சி அவர்களின் மூதாதையர் ஒளித்திருந்த இடம். அந்த இருட்டுக்குள் பத்வாப் பெண்கள் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் வெளிச்சத்துக்கு வருவார்கள். பயணிகள் வாகனத்துக்கும், பாடியவர்கள் பூங்கா எல்லைக்கு வெளியேயுள்ள தம் குடிசைகளுக்கும் நடப்பார்கள்.