கல்லறையிற் பிறந்த கித்தாரோ



சில மாதங்களுக்கு முன்னர் எனது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தடித்த சித்திரக்கதைப் புத்தகமொன்றை என்னிடம் கொண்டுவந்தான். வெளிநாட்டில் இருக்கும் தமையன் அனுப்பிய ஆங்கில மொழிபெயர்ப்பு அது. "சேர், இதில வாற தகப்பன் வெறும் ஒரு கண் மட்டும்தான். தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள இருந்து குளிக்கிறார். வாசிக்கச் சிரிப்பு வருது, ஆனால் ஏனோ மனம் கனக்குது. இதையும் இலக்கியம் எண்டு சொல்லலாமோ?" என்று கேட்டான். வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்தேன். அந்த வாசிப்பின் பயனையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நூலின் ஆசிரியர் மிசுக்கி ஷிகெரு. 1922 ஆம் ஆண்டு ஒசாக்காவிற் பிறந்து, ஜப்பானின் மேற்குக் கரையிலுள்ள சகாய்மினாத்தோ என்னும் துறைமுக ஊரில் வளர்ந்தவர். அவ்வூரில் நொன்னொன்பா என்று அழைக்கப்பட்ட மூதாட்டி ஒருவர் சிறுவனாகிய அவருக்கு 'யோகாய்' கதைகளைச் சொல்லிக் கொடுத்தார். யோகாய் என்ற சொல்லுக்குப் பேய் என்று பொருள் கூறினால் அது முழுமையாகாது. இறந்தோரின் ஆவியும், காட்டிலும் ஆற்றிலும் வாழும் விசித்திரப் பிராணியும், நெடுங்காலம் பாவிக்கப்பட்டு உயிர்பெற்றுவிட்ட பழைய குடையும் கூட அச்சொல்லுள் அடங்கும். தொரியாமா செக்கியென் என்ற ஓவியர் 1776 இல் இவற்றைத் தொகுத்துப் படநூலாக வெளியிட்டார். நாட்டாரியல் அறிஞர் யனகித்தா குனியோ 1938, 1939 ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக வழங்கிய யோகாய்ப் பெயர்களைத் திரட்டி எழுதினார்.

யனகித்தாவின் தொகுப்பிற் சில யோகாய்களுக்கு இரண்டொரு வரி விளக்கம் மட்டுமே உண்டு. மலைப்பாதையிற் குழந்தைபோல அழும் கிழவன் ஒருவன். இரங்கித் தூக்கினால் பாரம் ஏறிக்கொண்டே போகும், இறக்கவும் முடியாது. இரவில் நடப்பவனின் வழியைத் திடீரென மறிக்கும் சுவர் ஒன்று. இருளிற் பறந்து வரும் நீண்ட வெள்ளைத் துணி ஒன்று. உருவமில்லாத இந்த அச்சங்களுக்கு உருவம் கொடுத்தவர் மிசுக்கி. சுவருக்குச் சிறு கண்களும் குட்டைக் கால்களும் வரைந்தார். துணிக்குக் கைகள் வரைந்து அதனை ஊர்தியாக்கினார். உருவம் பெற்றதும் அச்சம் பாதி குறைந்தது. மீதிப் பாதி நகையாயிற்று. அவருடைய உலகின் முதல் விதி இதுவே எனலாம்.

கதைத் தலைவன் கித்தாரோ மிசுக்கியின் முழுச் சொந்தப் படைப்பு அல்லன். கடதாசிப் படங்களைத் துவிச்சக்கர வண்டியில் ஏற்றி வந்து, தெருவிலே சிறுவர்களைக் கூட்டி, இனிப்பு விற்றுக் கதை சொல்லும் 'காமிஷிபாய்' என்ற கலை ஜப்பானில் இருந்தது. 1930 களில் இத்தோ மசாமி என்பவர் எழுதிய காமிஷிபாய்க் கதையிலேதான் கல்லறைக் கித்தாரோ முதலில் தோன்றினான். அதற்கும் மூலம் ஒரு நாட்டார் கதை. கருவுற்ற நிலையில் இறந்து புதைக்கப்பட்ட தாய் புதைகுழிக்குள்ளே பிள்ளையைப் பெறுகிறாள். பின்னர் இரவுதோறும் ஆவியாகிக் கடைக்கு வந்து பிள்ளைக்காக இனிப்பு வாங்கிச் செல்கிறாள். போருக்குப் பின் மீன் வியாபாரம் உட்படப் பல தொழில்களைச் செய்து பார்த்து, ஈற்றிற் காமிஷிபாய்ப் படம் வரைபவராகிய மிசுக்கியின் கைக்கு 1954 இல் இக்கதை வந்தது. 1960 இல் அதை வாடகை நூல்களுக்குச் சித்திரக்கதையாக வரைந்தார். 1965 இல் வாரச் சஞ்சிகைக்கு வந்தது. 1968 இல் தொலைக்காட்சிக்குச் சென்றபோது 'கல்லறை' என்ற சொல் தலைப்பிலிருந்து நீங்கி 'கெகெகெ' என்றாயிற்று. சிறு வயதில் தம் பெயரைச் சரியாக உச்சரிக்க வராத மிசுக்கி 'கெகெரு' என்று சொல்லியதன் எச்சம் அது.

கித்தாரோவின் தகப்பன் நோயால் உடல் அழுகி இறந்தவர். கல்லறையிலிருந்து தவழ்ந்து வரும் மகனைக் காக்கவேண்டும் என்ற ஏக்கத்தால், அழுகிய உடலிலிருந்து ஒரு கண் மட்டும் உயிர்பெற்றுச் சிறு கைகால்களுடன் எழுகிறது. கித்தாரோவுக்கும் இடது கண் இல்லை. ஆனால் தகப்பன் அந்தக் கண் அல்லர், தம்முடைய கண்ணே அவர். தேநீர்க் கோப்பையில் அவர் குளிப்பதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். சிரித்து முடிந்த பின்னரே, பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற விருப்பத்தைத் தவிர அந்த மனிதரிடம் வேறெதுவும் எஞ்சவில்லை என்பது உறைக்கிறது.

உருமாற்றமும் இவ்வாறே நிகழ்கின்றது. பூனைப்பெண் சாதாரணச் சிறுமி. எலியைக் கண்டாலோ கோபம் வந்தாலோ பற்கள் நீண்டு பூனையாவாள். அழும் கிழவன் எதிரியைக் கட்டிப்பிடித்துக் கல்லாகக் கனப்பான். உள்ளே ஏற்கெனவே இருப்பதே வெளியே வருகின்றது. மந்திரவாதி வந்து மாற்றுவதில்லை. உருமாறாதவன் எலிமனிதன். குளிக்கவே மாட்டான், காசுக்காகத் தோழரைக் காட்டிக்கொடுப்பான், பின்னர் வெட்கமின்றித் திரும்பி வருவான். அவன் பாதி மனிதன், பாதி யோகாய். பேய்கள் நிறைந்த உலகில் துரோகம் செய்யும் பாத்திரத்துக்கு மனித இரத்தத்தைக் கொடுத்தது மிசுக்கியின் கூர்மையான நகை.

1966 இல் வந்த பெருங் கடல்விலங்குக் கதையில் இந்த விதி மீறப்படுகின்றது. நியூகினியாவுக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவில் கித்தாரோ இருக்கிறான். பொறாமை கொண்ட இளம் விஞ்ஞானி ஒருவன் அவ்விலங்கின் இரத்தத்தைக் கித்தாரோவின் உடலில் ஏற்றிவிடுகிறான். மயிரடர்ந்த மாபெரும் விலங்காக மாறிய கித்தாரோ கடலை நீந்தி ஜப்பானுக்குத் திரும்புகிறான். தான் யார் என்று சொல்ல அவனுக்குப் பேச்சில்லை. சொந்த நாடே அவன்மீது ஆயுதம் ஏவுகின்றது. அவனைக் கெடுத்தவன் இரும்பு விலங்கொன்றைச் செய்து அவனோடு மோதவிடுகிறான். ஈற்றில் மாற்று மருந்து கிடைக்கின்றது, கித்தாரோ மீள்கிறான்.

நியூகினியா ஏன்? இதற்கு விடை மிசுக்கியின் வாழ்க்கையில் இருக்கின்றது என்பது எனது கருத்து. 1943 இல் அவர் படையிற் சேர்க்கப்பட்டு, நியூகினியாவுக்குக் கிழக்கேயுள்ள நியூ பிரிட்டன் தீவின் ரபவுலுக்கு அனுப்பப்பட்டார். முன்னரங்கில் அவருடைய பிரிவு தாக்கி அழிக்கப்பட்டது. அவர் மட்டும் காட்டினூடாகத் தப்பி முகாமை அடைந்தார். உயிரோடு வந்ததற்காக மேலதிகாரி அவரைக் கடிந்துகொண்டார். பின்னர் மலேரியாவுடன் கிடந்தபோது விமானக் குண்டுவீச்சில் இடது கையை இழந்தார். 1946 இல் ஊர் திரும்பினார். நாம் சிரித்து வாசிக்கும் இத்தனை பக்கங்களும் எஞ்சிய அந்த ஒற்றைக் கையால் வரையப்பட்டவை. 1973 இல் அந்த முன்னரங்க அனுபவத்தை நேரடியாகவே சித்திரக்கதையாக்கினார். அதிற் பேய் எதுவும் வரவில்லை. தெற்குக் கடலுக்குச் சென்று, உடல் மாறித் திரும்பிய ஒருவனைச் சொந்த வீடு அடையாளம் காணுமா என்ற கேள்வியைச் சிறுவர் கதைக்குள் அதற்கு ஏழு வருடங்கள் முன்னரே அவர் கேட்டுவிட்டார். இந்தக் கேள்வியின் கனத்தை எமது நேயர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

மிசுக்கி 2015 நவம்பர் 30 ஆந் திகதி தமது 93 ஆவது வயதில் மறைந்தார். சகாய்மினாத்தோவில் 1993 இல் அவர் பெயரால் அமைந்த வீதியில் யோகாய்களின் வெண்கலச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. ஊருக்கு வருவோர் எலிமனிதனோடும் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

புத்தகத்தை மாணவனிடம் திருப்பிக் கொடுத்தபோது, "இலக்கியம்தான் தம்பி" என்றேன். "உனக்கு மனம் கனத்ததெண்டாய். ஏன் கனத்ததெண்டு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா" என்றும் சொன்னேன். இரண்டு நாளில் நான்கு பக்கம் எழுதி வந்தான். அதில் மூன்று பக்கம் கித்தாரோவைப் பற்றியதல்ல. ஒற்றைக் காலுடன் வீடு திரும்பிய தன் சிறிய தகப்பனைப் பற்றியது.